ஆறு வீட்டு உப்பு

"அம்மா, இதுக்கு அடின்னு ஒண்ணு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

மருதாசலம் மடத்துக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக இப்படித்தான் கேட்டார். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

குருவம்மா கொல்லைப்புறத்தில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு தென்னம்பிள்ளை, வேரில் ஈரச்சாக்கு சுற்றி வைத்திருந்தது. அதை நட ஒரு சாண் ஆழத்துக்குக் குழி பறித்திருந்தார்.

"எதுக்குங்கண்ணா அடி?"

"விலைக்குங்க. வீட்டு விலைக்கு. விழுந்துக்கிட்டே போகுது. எங்கதான் போய் நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தாறு. சீடர் குருவை அம்மா என்பார், குரு சீடரை அண்ணா என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

குருவம்மா மண்வெட்டியை நீட்டினார்.

"இந்தக் குழியை வெட்டுங்க. அடி வந்ததும் ஒரு குரல் குடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டினார்.

அவர் வெட்டிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் அவர் கதையைச் சொல்லிவிடலாம்.

மாதேவனூரில் ஒரு நூல் மில் இருந்தது. மூன்று ஷிப்டும் ஓடிய மில். ஒரு நாள் கேட்டை இழுத்து மூடினார்கள், பிறகு திறக்கவே இல்லை. மில்காரர்கள் தொழிலாளர்களுக்கென்று கட்டி, அவர்களுக்கே கிரயம் செய்துகொடுத்த ஓட்டு வீடுகள் வரிசை வரிசையாக இருந்தன. லைன் வீடு என்பார்கள். வேலை போனவர்கள் பிழைப்பைத் தேடிக் கிளம்பினார்கள். கிளம்புகிறவர்கள் கிடைத்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மருதாசலம் திருப்பூரில் நூல் கமிஷன் பார்க்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் கோட்டு போட்ட ஒருவர் நாள் முழுக்க வகுப்பு எடுத்தார். விழுந்த ஊரில்தான் காசு கிடக்கிறது, குனிந்து பொறுக்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும் என்றார். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருந்தது. அதனால் பேச்சும் நன்றாக இருந்ததாகவே மருதாசலத்துக்குப் பட்டது.

மாதேவனூர் அவருக்குப் பழகிய ஊர். அமாவாசை தவறாமல் அந்த ஊர் மடத்துக்கு வருகிறவர். மூன்றாவது லைனில் ஒரு வீட்டைத் தரகர் மூலமாக வாங்கினார். வாங்கிப் பூட்டினார். வாடகைக்கு விட்டால் ஆளைக் கிளப்புவது கஷ்டம், விலை ஏறும்போது காலி வீடுதான் சட்டென்று கைமாறும் என்று தரகர் சொல்லியிருந்தார்.

கொஞ்ச நாளில் அதே லைனில் இன்னொன்று வந்தது. முதல் வீட்டைவிட மலிவு. வாங்கிப் பூட்டினார்.

மூன்றாவது அதைவிட மலிவு.

மலிவாகக் கிடைத்த சந்தோஷமும், முன்னால் அதிகம் கொடுத்துவிட்டோமே என்கிற வருத்தமும் ஒரே நாளில் அவருக்கு வரும். காலையில் சிரிப்பார், சாயங்காலம் நெஞ்சைத் தடவிக்கொள்வார். இப்படியே ஆறு வீடு ஆகிவிட்டது.

ஒரு வீட்டையும் அவர் நேரில் போய்ப் பார்த்தவரில்லை. பார்த்தால் மனசு இளகும், கணக்கு தப்பும் என்று கோட்டுக்காரர் சொல்லியிருந்தார். தரகர் போனில் அனுப்பிய படமே போதும் என்று இருந்துவிட்டார்.

இதில் கூத்து என்னவென்றால், ஆறு வீட்டுக்குச் சொந்தக்காரரான மனிதர் திருப்பூரில் மாடியில் ஒண்டுக் குடித்தனம் இருந்தார். வாடகை வீடு. அவர் மனைவி வசந்தாமணிக்கு மூட்டுவலி. படி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்பாள்.

"நமக்குன்னு ஒரு வீட்டுக்கு எப்பப் போறமுங்க?"

"விலை ஏறட்டும் வசந்தா. ஆறையும் வித்து, கீழ்த்தளத்துல ஜம்முனு ஒண்ணு வாங்கிரலாம்."

வீடுகள் வாங்கிய பணமெல்லாம் அவள் பிறந்த வீட்டில் கொடுத்த தோட்டத்தை விற்ற பணம். அவள் அதை ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் மருதாசலத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

"வந்துருச்சுங்களா?" என்று குருவம்மா கதவோரம் நின்று கேட்டார்.

மருதாசலம் இடுப்பளவு குழிக்குள் நின்றார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"இன்னும் இல்லீங்கம்மா."

"சரி, வெட்டுங்க."

அவர் மறுபடியும் வெட்டினார். சரளை வந்தது. சரளைக்குக் கீழே சுண்ணாம்பு மண் வந்தது. குருவம்மா மறுபடி வந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப?"

"இல்லீங்க. வெட்ட வெட்டக் கீழ போய்க்கிட்டேதானுங்க இருக்குது."

"யாரு வெட்டுனது?"

"நான்தானுங்க."

"சரி. மேல வாங்க. கை கால் கழுவுங்க, சாப்பிடலாம்."

அவ்வளவுதான்.

ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே மருதாசலம் அதற்கு அர்த்தம் தேடினார். குரு பேச்சுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பதில் சீடர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பெரும்பாலும் தங்களுக்கு வேண்டிய அர்த்தமாகவே கண்டுபிடிப்பார்கள். மருதாசலமும் கண்டுபிடித்தார். அடி இன்னும் வரவில்லை, அதனால் இன்னும் குறைத்துக் கேள் என்று அம்மா சொல்லாமல் சொல்கிறார்.

அவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

"அப்படின்னா ஏழாவதையும் குறைச்சே பேசிரலாமுங்களா?"

"ஏழாவதா?"

"அதே லைன்ல கடைசி வீடுங்க. அதுவும் விலைக்கு வருதாம், தரகர் சொன்னாரு. அது ஒண்ணு கைக்கு வந்தா லைன் மொத்தமும் என்னுது. ஒரே இடமா வித்தா யாராவது பெரிய பார்ட்டி வருவாங்க. போனது எல்லாம் திரும்பிரும்."

"பணம்?"

மருதாசலம் இலையைப் பார்த்தார்.

"வசந்தாவோட வளையலுங்க. நேத்து கேட்டேன். ஒரு வார்த்தை பேசலீங்கம்மா. சோப்புப் போட்டுக் கழட்டி மேசை மேல வெச்சுட்டுப் போயிட்டா."

அந்த வளையலைத் துணியில் சுற்றி மடியில்தான் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்டது. இதுவும் போய்விட்டால் அவள் கையில் போட ஒன்றும் மிஞ்சாது. அது தெரிந்துதான் கேட்டார்.

குருவம்மா இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினார்.

"போய்ப் பேசுங்க. தரகர் வேணாம். நீங்களே போங்க."

"நானா?"

"நீங்கதான். எவ்வளவு குறைக்க முடியுமோ, அவ்வளவு குறைங்க. ஆனா என்னென்ன சொல்லிக் குறைச்சீங்கன்னு எங்கிட்ட வந்து ஒண்ணு விடாமச் சொல்லணும்."

மருதாசலத்துக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. குருவே பேரம் பேசச் சொல்கிறார். இலையை மடித்துவிட்டு உடனே எழுந்தார்.

மடத்திலிருந்து மூன்றாவது லைன் கூப்பிடு தூரம்தான். இத்தனை அமாவாசை வந்தும் அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததில்லை.

ஒரே கூரையின் கீழே ஏழு வீடு. ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஆறு கதவிலும் ஒரே மாதிரி பூட்டு. திருப்பூரில் மொத்தமாக வாங்கியவை, தரகரிடம் கொடுத்தனுப்பியவை. பார்த்ததும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வந்தது. எல்லாம் நம்முடையது.

வாசல்களில் எருக்கஞ்செடி முழங்கால் உயரம் நின்றது. ஒரு கதவின் அடியில் கரையான் ஏறியிருந்தது. பெருமை கொஞ்சம் குறைந்தது.

கடைசி வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம் வந்தது.

"வீட்ல யாருங்க?"

சத்தம் நின்றது. கழுத்தில் இஞ்சுடேப் தொங்க ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"வாங்கண்ணா. யாருங்க நீங்க?"

"வீடு குடுக்கறதாக் கேள்விப்பட்டேன் அம்மணி."

"ஆமாங்க. உள்ள வாங்க. சித்த உக்காருங்க, தண்ணி கொண்டுட்டு வர்றேன்."

அவள் பேர் சரசாத்தாள். மில்லில் நூல் ஓட்டியவள். இப்போது பாவாடை தைத்து அனுப்புகிறாள். புருஷனுக்குப் பாலக்காட்டில் ஓட்டல் வேலை, மாதம் ஒரு தடவை வருவான். இதெல்லாம் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவள் முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

"ஏழு லட்சமுங்க."

மருதாசலம் சிரித்தார். பேரத்தில் முதல் சிரிப்புக்கு ஒரு விலை உண்டு, அது அவருக்குத் தெரியும்.

"அம்மணி, நான் வரும்போது பாத்துட்டுத்தான் வந்தேன். லைன் பூராப் பூட்டிக் கிடக்குது. ஒரு ஆள் இல்லை. இங்க யாரு வந்து இருப்பாங்க?"

"அது வாஸ்தவந்தானுங்க. முந்தி ஏழு அடுப்பு எரிஞ்ச லைனு. ஒரு வீட்டுல குழம்பு கொதிச்சா ஏழு வீட்டுக்கும் வாசம் வரும். இப்ப பொழுது சாஞ்சா எனக்கே பயமா இருக்குதுங்க. அதனாலதான் அவரு, போதும் வந்துருங்கறாரு." கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஆறரைக்குக் குடுக்கறேன்."

மருதாசலம் எழுந்து உள்சுவரைத் தடவினார். கை ஈரமானது.

"சுவரு இப்படி ஊறிக் கிடக்குதே."

"எங்க தண்ணி இல்லீங்கண்ணா. பக்கத்து வீட்டுல ஓடு சரிஞ்சிருச்சு. மழை அங்க விழுகுது, இங்க ஊறுது. நாலு ஓடு மாத்துனாப் போதும். ஆனா பூட்டிக் கிடக்குதுங்களே. கேக்காம அடுத்தவங்க வீட்டு மேல ஏறலாமுங்களா?"

"அது எப்படியோ, ஊறுன சுவரு ஊறுன சுவருதான்."

"ஆமாங்க. ஆறு வெச்சுக்குங்க."

அவருக்குச் சூடு பிடித்துவிட்டது. இப்படிப் பேசித்தான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறார்.

"உப்பு புளி வாங்க ஒரு கடையாவது இருக்குதா இங்க?"

"முக்குல இருந்துச்சுங்க. வாங்க ஆளில்லாம அவரு ஏறக்கட்டிட்டுப் போயிட்டாரு."

"மினி பஸ்?"

"ஏற ஆள் இருந்தாத்தானுங்க நிறுத்துவாங்க. நேரா மெயின் ரோட்டுல போயிர்றாங்க. நான் துணி மூட்டையைத் தூக்கிட்டு அதுவரைக்கும் நடக்கறேன்."

கடைக்கு அரை போனது. பஸ்ஸுக்கு அரை போனது. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டி ஒத்துக்கொண்டே இறங்கினாள். இவ்வளவு சுலபமான பேரத்தை மருதாசலம் பார்த்ததில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அஞ்சு" என்றார்.

"நாலரைக்குக்கூடத் தர்றேனுங்கண்ணா. மனசுல இருக்கறதை ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க."

"நீங்க இதை வாங்கறதுக்குப் பதிலா, பக்கத்துல இருக்கற வீட்டைக் கேட்டு வாங்கிக் குடி வந்துருங்களேன். ஒரே ஒரு குடும்பம் வந்தாப் போதும், நான் இந்த வீட்டை விக்கவே மாட்டேன். அவரையும் இங்கயே வரச் சொல்லிருவேன். இது நாங்க நைட் ஷிப்டு பாத்துப் பாத்துக் காசு கட்டி வாங்குன வீடுங்க."

மருதாசலம் பார்வையை எங்காவது வைக்க வேண்டுமே என்று, திறந்து கிடந்த சுவர் அலமாரியைப் பார்த்தார். அங்கே ஆறு துணி முடிச்சு வரிசையாக இருந்தது. அடியில் ஈரம் கசிந்து பலகை கறுத்திருந்தது.

"அது என்னங்க?"

"கல்லுப்புங்க."

"இத்தனையா?"

சரசாத்தாள் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"எங்க லைன்ல ஒரு வழக்கமுங்க. புதுசாக் குடி வர்றவங்க கடையில வாங்குன உப்பை வீட்டுக்குள்ள கொண்டுட்டுப் போகக் கூடாது. இருக்கறவங்கதான் முதல் உப்பைக் குடுக்கணும். அதைப் போட்டுத்தான் அவங்க முதல் சோறு ஆக்கணும். நாங்க வந்தப்பவும் அப்படித்தான் குடுத்தாங்க. வீடு வித்துருச்சுன்னு கேள்விப்பட்டா உடனே ஒரு முடிச்சு உப்பு கட்டி வெச்சிருவேன். முதல் வீடு வித்தப்ப வெச்சேன். வரலை. அடுத்தது வித்தப்ப வெச்சேன். இப்ப ஆறாச்சு."

"வாங்குனது யாருன்னு…"

"யாரோ திருப்பூர்க்காரராம். ஆளை நாங்க பாத்ததில்லை."

"திட்டியிருப்பீங்க."

"எதுக்குத் திட்டணும்? வாங்கியும் வந்து இருக்க முடியலீன்னா, அவருக்கு என்ன கஷ்டமோ."

மருதாசலம் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவந்து கொடுத்த சொம்பை வாங்கி, குடிக்காமலே கீழே வைத்தார். அச்சாரம் என்று சொன்னாலே மடியில் கை வைக்கிற மனிதர், அன்றைக்கு ஒன்றும் கொடுக்காமல் எழுந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் அம்மணி."

"நல்லா யோசிங்க. பக்கத்து வீட்டைப் பத்தியும் யோசிங்க."

குருவம்மா குழிக்கரையில் உட்கார்ந்திருந்தார். தென்னம்பிள்ளை இன்னும் நடப்படாமல் கிடந்தது.

"எதுல வந்து நின்னுச்சு?"

"நாலரை."

"கெட்டிக்காரர்தான். என்ன சொன்னீங்க?"

"லைன்ல ஆளில்லைன்னு சொன்னேன்."

"ம்."

"சுவரு ஊறிருச்சுன்னு சொன்னேன்." மருதாசலத்தின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "கடை இல்லைன்னு சொன்னேன். பஸ் நிக்கறதில்லைன்னு…"

"எல்லாம் நிஜந்தானே?"

"நிஜந்தானுங்க."

குருவம்மா குழியைப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது?"

காலையில் கேட்ட அதே கேள்விதான். காலையில் பட்டென்று பதில் வந்தது. இப்போது மருதாசலம் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"மில்லை நான் மூடலீங்களேம்மா!" என்றார் கடைசியில். கிட்டத்தட்ட கெஞ்சினார்.

"இல்லையே. இந்தக் குழியிலகூட மேல ஒரு சாண் நான் வெட்டுனதுதான்."

அவர் குழிக்கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். வசந்தாமணி படியில் பாதியில் நிற்பது நினைவுக்கு வந்தது. ஆறு முடிச்சு உப்பு நினைவுக்கு வந்தது. ஒரு பெரிய மனுஷர், பேரன் எடுத்தவர், சத்தமில்லாமல் அழுதார். குருவம்மா பக்கத்திலேயே இருந்தார்.

"இப்ப நான் என்னங்கம்மா பண்றது? வந்த விலைக்கு எல்லாத்தையும் தள்ளி விட்ரட்டுங்களா?"

"தென்னைக்கு இவ்வளவு ஆழம் வேணாம்ணா. மண்ணைத் தள்ளுங்க."

மருதாசலம் வெட்டிய மண்ணை மறுபடி குழிக்குள் தள்ளினார். வெட்டுவதைவிடத் தள்ளுவது சுலபமாக இருந்தது. போதும் என்று குருவம்மா கை காட்டியதும் நிறுத்தினார்.

குருவம்மா உள்ளே போய் ஒரு கிண்ணத்தோடு வந்தார். அதிலிருந்து இரண்டு கை அள்ளிக் குழியில் போட்டார். வெள்ளையாக விழுந்தது.

"உப்பா? எதுக்குங்கம்மா?"

"எல்லாரும் போடறதுதானே. வேர் பிடிக்கணுமில்ல."

தென்னம்பிள்ளையை உள்ளே இறக்கினார். மருதாசலம் கையை உதறிக்கொண்டு எழுந்தார். அமாவாசைக்கு வந்தால் பொழுது சாயும்வரை இருக்கிறவர், அன்றைக்குப் பிரசாதம்கூட வாங்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த நல்ல நாளில், காலை வெயில் ஏறும் முன்பு, மூன்றாவது லைனில் டங்கு டங்கென்று சத்தம் கேட்டது.

சரசாத்தாள் பதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாருங்க அது? அடுத்தவங்க வீட்டுப் பூட்டை எதுக்கு உடைக்கறீங்க?"

பக்கத்து வீட்டு வாசலில், எருக்கஞ்செடிக்கு நடுவே, மருதாசலம் கையில் கல்லோடு நின்றார். பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை. அவருக்குப் பின்னால் பால் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தாமணி நின்றாள். அவள் கையில் வளையல் மறுபடி ஏறியிருந்தது. தெருவோரம் ஒரு குட்டி யானை வண்டியில் கட்டிலும் பீரோவும் பாத்திர மூட்டையும் நின்றன.

"அன்னிக்கு வீடு கேட்டு வந்தவருதானுங்களே நீங்க?"

"ஆமாங்க அம்மணி."

"பக்கத்து வீட்டை வாங்கிட்டீங்களா? நான் சொன்னதுக்காகவா?" அவள் முகம் மலர்ந்தது. "திருப்பூர்க்காரரு குடுத்துட்டாரா?"

பொய் சொல்ல நல்ல வாய்ப்பு. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். மருதாசலத்துக்கு அந்த ஆசையும் வந்தது.

கல்லைக் கீழே போட்டார்.

"நான்தானுங்க அந்தத் திருப்பூர்க்காரன். ஆறும் நான் வாங்கிப் பூட்டுனது."

சரசாத்தாள் அவரைப் பார்த்தாள். பிறகு சரிந்து கிடந்த ஓட்டைப் பார்த்தாள். பிறகு வரிசையாகத் தொங்கிய பூட்டுகளைப் பார்த்தாள். அன்றைக்கு இந்த மனிதர் தன் சுவரைத் தடவிப் பார்த்து விலை குறைத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது.

திரும்பி உள்ளே போய்விட்டாள்.

"என்னங்க, கோவிச்சுக்கிட்டாங்களா?" என்று வசந்தாமணி கேட்டாள்.

"கோவிச்சுக்கட்டும். கோவிச்சுக்காம என்ன பண்ணுவாங்க."

மெஷின் சத்தம் வரவில்லை. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், சாமானை இறக்கணுமா வேண்டாமா என்று கேட்டான். மருதாசலம் கை காட்டி அவனை இருக்கச் சொன்னார். கடைசி வீட்டு வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றார்.

"அம்மணி."

உள்ளே எட்டிப் பார்க்காமல் மறுபடி கூப்பிட்டார்.

"அம்மணி, புதுசாக் குடி வந்திருக்கறமுங்க. உப்பு வேணும்."

பிறகு அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

சரசாத்தாள் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரே ஒரு முடிச்சு இருந்தது. மருதாசலம் துண்டை விரித்து இரண்டு கையிலும் ஏந்தி நீட்டினார். அவள் அவரைத் தாண்டிப் போய், வசந்தாமணியின் கையைப் பிடித்து அதில் உப்பை வைத்தாள்.

"வாங்கக்கா. நல்லா இருங்க."

வசந்தாமணி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

மருதாசலம் விரித்த துண்டோடு அங்கேயே நின்றார். சரசாத்தாள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"இன்னும் அஞ்சு முடிச்சு உள்ள இருக்குது" என்றாள். "ஈரத்துல கரைஞ்சுக்கிட்டு இருக்குது. சீக்கிரம் ஆளைக் கூட்டிட்டு வாங்க."